தெருக் குழாயும் வீட்டுக் கிணறும்: இந்தத் தகாத சம்பந்தத்தைத் தடுப்பவர் யார்?

குடாநாட்டு வீதிகளின் கீழே குழாய் வந்துவிட்டது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரவல்லது அந்நிலையம் என்பது கணக்கு. நல்ல காரியம். திறப்பு விழாக்களுக்கு நம் நாட்டிலே என்றும் குறைவிருந்ததில்லை. ஆனால் அந்தக் குழாய் நம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தபின் என்ன செய்யும்? அதனினும் முக்கியமாக, உள்ளேயிருந்து எதை வெளியே கொண்டு போகும்? இவ்வினாவை எழுப்பியவர் எத்தனை பேர்? நாம் எழுப்புகின்றோம். விடை கூறவேண்டியவர்கள் நம் உள்ளூராட்சி மன்றங்களின் உறுப்பினர்கள்.

குழாயிலே நீர் ஒரு திசையில்தான் ஓடும் என்று நாம் நம்பியிருக்கின்றோம். அது நம்பிக்கையே அன்றி இயற்கையின் விதியன்று. அமுக்கம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஓடுவதே நீரின் இயல்பு. தெருக் குழாயில் அமுக்கம் மிகுந்திருக்கும்வரை நீர் வீட்டுக்குள் வரும். ஓரிடத்தில் குழாய் வெடித்தாலும், மின்சாரம் நின்று நீரேற்று நிலையம் ஓய்ந்தாலும், தீயணைப்பு வண்டி ஒரே மூச்சில் பெருமளவு நீரை எடுத்தாலும் தெருவின் அமுக்கம் வீழ்ந்துவிடும். அக்கணமே குழாய் ஊட்டுவதை விட்டு உறிஞ்சத் தொடங்கும். வீட்டிலே எந்தக் குழாயின் வாய் எந்த நீரில் முழுகிக் கிடக்கின்றதோ, அந்த நீர் பின்னோக்கி இழுபட்டுத் தெருவுக்குப் போகும். அமுக்கம் மீண்டதும் அயல்வீட்டாரின் குடத்திலே வந்து விழும். நாளில் சில மணி நேரம் மட்டும் நீர் விடப்படும் இடங்களில் இவ்வுறிஞ்சல் எப்பொழுதோ நேரும் விபத்தன்று. குழாய் வெறுமையாகும் ஒவ்வொரு தடவையும் நேரக்கூடியது.

இது ஒரு வகை. மற்றைய வகை, கிணறு நிறைந்த நம் மண்ணிலே இன்னும் பெரிய அபாயம். யாழ்ப்பாணத்திலே கிணறில்லாத வளவைக் காண்பது அரிது. துலாவும் பட்டையும் போய் மோட்டர் வந்தது. மோட்டரோடு கூரைமேல் தாங்கியும் வந்தது. இப்பொழுது தெருக் குழாயும் வந்து சேர்கின்றது. வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? இரண்டு நீர், ஒரு தாங்கி. இரண்டையும் ஒரு 'ரீ'த் துண்டினால் முடிந்து, நடுவில் ஒரு வால்வை வைத்தால் தீர்ந்தது என்று நினைப்பார். தெரு நீர் வரும் நாளில் வால்வைத் திறக்கலாம். வராத நாளில் மூடிவிட்டு மோட்டரைப் போடலாம். கேட்பதற்கு அழகான ஏற்பாடு.

நடப்பதைப் பாருங்கள். தாங்கி 25 அடி உயரத்தில் இருக்கின்றதென்று வைத்துக்கொள்வோம். அவ்வுயரத்துக்கும் மேலே நீரைத் தள்ளக்கூடியது மோட்டர். தெருக் குழாயின் அமுக்கமோ அன்று 15 அடிக்குத்தான் நீரை ஏற்றும். அவ்வேளையில் நடு வால்வு திறந்து கிடந்தால் மோட்டர் தள்ளும் கிணற்று நீர் தாங்கிக்கு மட்டுமா போகும்? எதிர்ப்புக் குறைந்த வழியாகத் தெருவுக்கும் போகும். வால்வைத் திறந்தவர் வேலைக்குப் போன தகப்பன். மோட்டரைப் போட்டவர் அடுப்படியில் நின்ற தாய். இருவரிலும் குற்றமில்லை. ஒரு தெருவின் சுகாதாரம் முழுவதையும் ஒரு வால்வின் பிடியிலே தொங்கவிட்ட ஏற்பாட்டிலேதான் குற்றம்.

அக்கிணற்று நீர் எத்தகையது? குடாநாட்டின் அடியிலே கிடப்பது சுண்ணாம்புக் கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்த அக்கல்லின் மேல் மண்படை பல இடங்களில் மெல்லியது. மேலே இட்டதெல்லாம் விரைவிலே கீழே இறங்கும். மலகூடக் குழியும் இறங்கும். யூரியாப் பசளையும் இறங்கும். வலிகாமத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதைப் பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டி வருகின்றனர். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த கதை எல்லோரும் அறிந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மின்நிலையத்தை நடத்திய கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்த்தது. நெருப்புக் காய்ச்சலும் இந்த மண்ணுக்குப் புதியதன்று.

"எங்கள் பாட்டனும் பூட்டனும் இந்தக் கிணற்று நீரைக் குடித்தன்றோ தொண்ணூறு வயது வாழ்ந்தார்கள்?" என்று கேட்போர் உளர். வாழ்ந்தார்கள், மறுக்கவில்லை. பாட்டன் காலத்திலே இரண்டு பரப்புக் காணியில் ஒரு கிணறும் ஒரு மலக்குழியும், மதிலுக்கு அப்பால் மற்றொரு கிணறும் மற்றொரு மலக்குழியும் நெருங்கி நின்றதில்லை. அவர் இட்டது மாட்டெருவும் குழைப் பசளையும். அதையும் விடுவோம். பாட்டனின் கிணறு கெட்டிருந்தால் பாட்டனின் வீடு மட்டும் நோயுற்றது. கிணறு தனியுடைமை, அதன் கேடும் தனியுடைமையாகவே இருந்தது. இன்று கிணற்றையும் தெருக் குழாயையும் முடிந்துவைப்பவர் அந்தக் கேட்டைப் பொதுவுடைமையாக்குகின்றார். நம் வாதத்தின் உயிர்நிலை இதுவே.

தோட்டக்காரப் பெருமக்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. கிருமிநாசினி அடிக்கும் தெளிகருவியை நிரப்புவது எப்படி? தாங்கியில் மருந்தை முதலில் ஊற்றி, றப்பர் குழாயின் நுனியை அதற்குள்ளே செருகி, குழாயைத் திறந்துவிட்டு, அது நிரம்புமட்டும் பக்கத்து வரப்பில் நின்று ஒரு வெற்றிலை போடுவது. கிணற்று மோட்டரிலிருந்து அப்படி நிரப்பும்பொழுது, மோட்டர் நின்றவுடன் மருந்து கிணற்றுக்கே திரும்பக்கூடும். அதுவே பெரும் கேடு. தெருக் குழாயிலிருந்து அப்படி நிரப்பும்பொழுது அமுக்கம் வீழ்ந்தால் அம்மருந்து ஊருக்கே திரும்பும். ஒரு சாண் உயரத்தில் றப்பர் குழாயைக் கையிற் பிடித்து நிரப்பினால் இவ்வபாயம் இல்லை. ஒரு சதமும் செலவில்லை. எனினும் எத்தனை பேர் செய்கின்றோம்? சொட்டு நீர்ப்பாசனக் குழாயிலே திரவப் பசளையைக் கலந்து விடும் புதுமுறை பரவி வருகின்ற இக்காலத்திலே, அக்குழாய் குடிநீர்க் குழாயோடு நேரே பொருந்தியிருக்குமாயின் அதன் விளைவைக் கூறவும் வேண்டுமோ?

வெறும் பூச்சாண்டி காட்டுகின்றோம் என்று யாரும் கருதவேண்டாம். 1933ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் சிக்காகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. கண்காட்சி காண வந்தோர் தங்கிய இரண்டு பெரிய ஹோட்டல்களில் பழைய குழாய்கள். கழிவுநீர்க் குழாய்க்கும் குடிநீர்க் குழாய்க்கும் இருக்கக்கூடாத தொடர்புகள். அமீபா வயிற்றுளைவு பரவிற்று. 1,400 பேர் வரை நோயுற்றனர். 98 பேர் மாண்டனர். விருந்தினர் பலர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பியபின் நோயுற்றமையால் காரணத்தைக் கண்டறியவே காலம் பிடித்தது.

1969இல் அதே நாட்டின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரியின் உதைபந்தாட்ட அணி முழுவதும் செங்கண்மாரியில் வீழ்ந்தது. விளையாட்டு வீரரும் பயிற்றுநரும் உதவியாளருமாக ஏறத்தாழ 90 பேர். பருவத்தின் இரண்டு ஆட்டங்களுடன் அணி களத்தை விட்டு வெளியேறிற்று. காரணம் யாது? அயலிலே ஒரு வீடு தீப்பற்றியது. தீயணைப்புப் படை நீரை இழுத்தது. அமுக்கம் வீழ்ந்தது. மைதானத்துப் புல்லுக்கு நீர் தெளிக்கும் குழாய், நிலமட்டத்துக்குக் கீழே ஒரு குழியில் அழுக்கு நீரில் முழுகிக் கிடந்தது. நோயுற்ற சிறுவர் விளையாடிய இடம் அது. அக்குழி நீர் உறிஞ்சப்பட்டு வீரர்கள் குடித்த குழாயிலே கலந்தது. புல்லுக்கு இட்ட குழாய் மனிதரை வீழ்த்திய இக்கதை, தோட்டக் குழாயும் குடிநீர்க் குழாயும் அருகருகே ஓடும் நமக்கன்றி வேறு யாருக்குப் பொருந்தும்?

2007 நவம்பரில் பின்லாந்தின் நொக்கியா என்னும் பட்டினத்திலே, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்குள் குடிநீர்க் குழாயையும் சுத்திகரித்து வெளியேறும் கழிவுநீர்க் குழாயையும் இணைத்து ஒரு வால்வு இருந்தது. இருக்கவே கூடாத வால்வு. அது திறக்கப்பட்டது. பல இலட்சம் லீற்றர் கழிவுநீர் குடிநீரோடு கலந்தது, ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். படிப்பிலும் ஒழுங்கிலும் பின்லாந்தை மிஞ்சியவர் நாம் என்று யாராவது கூறுவாராயின் அவரை நாம் வணங்குவோம். தவறிழைத்த இடம் ஏழையின் குடிசையன்று, ஊரவையின் சொந்த நிலையம் என்பதையும் வாசகர் மனத்திற் கொள்க. அதற்கு மீண்டும் வருவோம்.

இனி, எதிர்வாதங்கள். குளோரீன் இருக்கின்றதே என்பர் ஒரு சாரார். குழாயின் கடைசி வீடு வரையிலும் லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரீன் மிஞ்சியிருத்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. சிறு அழுக்குக்கு அது காவல். மலகூடக் குழியின் நீர் புகுந்தால் அக்காவல் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். நைத்திரேற்றையும் கிருமிநாசினியையும் எண்ணெயையும் அவ்வளவு குளோரீன் ஒன்றும் செய்யாது.

ஒருவழி வால்வைப் பூட்டினால் போதும் என்பர் வேறு சிலர். நம் குழாய்த் தொழிலாளர் 'நொன் றிற்றேண் வால்வு' என்று அழைக்கும் பொருளே அது. அதனை நாம் பழிக்கவில்லை. ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் கிணற்று நீர் கொதித்த கேத்திலின் உட்புறத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: நம் நீர் தொட்ட இடமெல்லாம் சுண்ணாம்பு படியும். வால்வின் இதழிலும் படியும். ஒரு மணல் துணிக்கை சிக்கினாலும் இதழ் முற்றாக மூடாது. அது பழுதுற்றதை வீட்டுக்காரர் அறியவும் மாட்டார். ஏனெனில் முன்னோக்கி நீர் வழக்கம்போல் வந்துகொண்டேயிருக்கும். பழுதாகாத காவல் ஒன்றே ஒன்று: காற்றிடைவெளி. குழாயின் வாய், தொட்டி நிரம்பும் மட்டத்துக்கு மேலே, தன் விட்டத்தைப் போல் இருமடங்குக்குக் குறையாத உயரத்தில் அந்தரத்தில் நிற்றல் வேண்டும். இடையே வெறும் காற்று. தெருக் குழாய் எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றைத்தான் உறிஞ்சும். அதிலே தேய்வதற்கு இதழில்லை, இறுகுவதற்குச் சுருளில்லை, திருடுவதற்குப் பித்தளையுமில்லை. பிரித்தானியாவிலே நெடுங்காலம் நீர்க் கம்பனிகளின் உபவிதிகளாக இருந்தவை 1999இல் நாடு தழுவிய ஒழுங்குவிதிகளாயின. அவை கேட்டின் அளவுக்கேற்ப நீரை ஐந்து வகுப்பாக்குகின்றன. மலமும் கொடிய நஞ்சும் சேரும் ஐந்தாம் வகுப்புக்கு ஒருவழி வால்வை அவை போதுமானதாக ஏற்பதில்லை. இயந்திரங்களில் நம்மிலும் தேர்ந்தவர்கள் வெறுங்காற்றையே நம்புகின்றார்கள்!

ஏழைகளின் தலையில் செலவை ஏற்றுகின்றீர்களா என்ற கேள்வி நியாயமான கேள்வி. ஓரடிக் குழாயை மேலே உயர்த்திப் பூட்டுவதற்கு ஏழை அஞ்ச வேண்டியதில்லை. உண்மையான செலவு வேறிடத்தில் உண்டு. தெருவின் அமுக்கம் கூரைத் தாங்கிக்கு ஏறாத இடங்களில் மக்கள் மோட்டரை நேரே தெருக் குழாயிலே பூட்ட முனைவர். அது தன் அயலானின் பங்கை உறிஞ்சுவது மட்டுமன்று; தெருவோர வாய்க்காலின் அருகே ஒழுகும் பொருத்துகளினூடாக அழுக்கு நீரையும் குழாய்க்குள்ளே உறிஞ்சி இழுப்பது. அதனைத் தடுத்தே ஆகவேண்டும். தடுத்தால், நிலமட்டத்தில் ஒரு சிறு தொட்டி கட்டி, காற்றிடைவெளியுடன் அதனை நிரப்பி, அதிலிருந்தே மோட்டரால் மேலேற்ற வேண்டும். இத்தொட்டிக்குச் சிறு வருமானக் குடும்பங்களுக்கு மன்றம் தவணைக் கடன் வழங்கட்டும். விதியை விதித்துவிட்டு வழியை அடைப்பது நீதியன்று. விதியே வேண்டாமென்பது அதனிலும் அநீதி. ஏனெனில் வசதியுள்ளவன் வடிகட்டும் இயந்திரமும் போத்தல் நீரும் வாங்குவான், தெருவின் கேட்டைக் குடிப்பவன் ஏழையே.

"மீற்றர் வரையும் சபையின் பொறுப்பு, அதற்கு உள்ளே வீட்டுக்காரர் பொறுப்பு" என்ற வாதமும் உண்டு. பணக் கணக்குக்கு அது பொருந்தும். நோய்க்கு மீற்றர் தெரியாது.

அப்படியாயின் பொறுப்பு யாருடையது? குழாயையும் நீரையும் தருவது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. இணைப்புக் கொடுக்குமுன் வீட்டுக்குள் நோக்க வேண்டிய கடமை அதற்கு உண்டு. ஆனால் கட்டட வரைபடத்தைப் பார்த்து அனுமதி கொடுப்பதும், குடியிருப்பதற்குத் தகுதியென்று சான்று கொடுப்பதும் நம் உள்ளூராட்சி மன்றங்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உபவிதி இயற்றும் அதிகாரத்தை அச்சபைகளுக்கு அளித்திருக்கின்றது. 2025 மே மாதத்தில் நாம் வாக்களித்துப் புதிய உறுப்பினர்களை அனுப்பினோம். அதிகாரம் போதாது, அதிகாரம் போதாது என்று மேடைதோறும் முழங்குகின்ற நம்மவர்களைக் கேட்கின்றோம்: கையிலுள்ள இந்தச் சிறு அதிகாரத்தை எடுத்துப் பயன்படுத்துவதற்கு எவருடைய அனுமதிக்காகக் காத்திருக்கின்றீர்கள்?

உபவிதி நீளமாயிருக்க வேண்டியதில்லை. கிணற்று நீர் செல்லும் எக்குழாயும் தெரு நீர் செல்லும் எக்குழாயோடும், வால்வு வைத்தாயினும் வையாதாயினும், பொருந்தலாகாது. தெரு நீர் எத்தொட்டியிலும் காற்றிடைவெளியுடனேயே விழவேண்டும். மலகூடத்திலே கழுவுவதற்குத் தொங்கும் கைக்குழாய், கோப்பைக்குள்ளும் வாளிக்குள்ளும் விழுந்து கிடப்பது. அது தெருக் குழாயிலிருந்து நேரே நீர் பெறலாகாது, தாங்கியிலிருந்தே பெறவேண்டும். இவ்வளவுதான் கட்டாயம். ஒரே தாங்கியில் இரு நீரையும் கலப்பதா வேண்டாமா என்பது வேறு சங்கதி. மேலிருந்து விழும்படி கலப்பவர் தம் நீரைத் தாமே கெடுத்துக்கொள்வார், தெருவைக் கெடுக்கமாட்டார். அதற்குச் சட்டம் வேண்டாம், புத்திமதி போதும்: அடுப்படிக் குழாய்க்குத் தெரு நீரைத் தனியே விடுங்கள், குளிக்கவும் தோய்க்கவும் மரத்துக்கு விடவும் கிணறு இருக்கட்டும். கிணற்றை மூடச் சொல்பவர்களல்ல நாம்.

பரிசோதனை எங்கே தொடங்குதல் வேண்டும்? வீடுகளிலன்று. வைத்தியசாலைகள், பாடசாலை விடுதிகள், சந்தைகள், மீன் சந்தைகள், வாகனம் கழுவும் நிலையங்கள், திருமண மண்டபங்கள், மன்றங்களின் சொந்தக் கட்டடங்கள் ஆகியனவே முதலில். பெருங்குழாயும் பெருமோட்டரும் பெருந்தொட்டியும் அங்கேதான் இருக்கின்றன. நொக்கியாப் பட்டினத்தின் கதை இதற்காகவே கூறப்பட்டது. தன் அலுவலகத்துத் தாங்கியைத் திறந்து பாராத தவிசாளர், ஊரவனுக்குத் தண்டம் விதிக்கும் தகுதியற்றவர். முதல் ஓராண்டு தண்டமின்றி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாகச் சென்று பிழையைக் காட்டித் திருத்தக் கால அவகாசம் கொடுக்கட்டும். தண்டம் முதல் நாளே வந்தால் கையூட்டும் அதன் பின்னாலேயே வரும் என்பதை இந்நாட்டிலே விளக்கவேண்டிய தேவையில்லை.

குழாய் பொருத்தும் தொழிலாளரை மறந்துவிட்டு இவ்விதி நடவாது. வீட்டுக்காரர் கேட்டபடி செய்து கொடுப்பவர் அவர். தொழிற்பயிற்சி பெற்றுத் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் வைத்திருக்கும் இளைஞர் நம்மிடையே உள்ளனர். அவர்களின் பெயரை மன்றம் பதிவுசெய்து, இணைப்புக்கான வேலையைப் பதிவு பெற்றவர் கையொப்பத்துடன் மட்டும் ஏற்றுக்கொள்ளட்டும். அனுபவமே படிப்பாகக் கொண்ட மூத்த தொழிலாளர்களைத் தள்ளிவிடாமல் இரண்டு நாள் வகுப்பொன்று நடத்தி அவர்களையும் பதியட்டும். விதியும் விளக்கமும் தெளிவான தமிழில், படத்துடன், ஒரே தாளில் அச்சாகி வன்பொருட் கடை ஒவ்வொன்றிலும் தொங்கவேண்டும். 'ரீ'த் துண்டு விலைக்கு வாங்கும் இடத்திலேயே அது கண்ணிற் படவேண்டும்.

ஒன்றை மட்டும் மன்ற உறுப்பினர்களுக்கு நினைவூட்டுகின்றோம். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் எண்ணத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் தம் வயலை முன்னிட்டு எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பிலே நியாயம் இருந்தது. குளத்து நீருக்குப் பதிலாகக் கடல்நீரை மின்சாரம் கொட்டி நன்னீராக்கும் வழியை நாடவேண்டியதாயிற்று. அவ்வளவு விலை கொடுத்து உப்பு நீக்கிய நீரை, நம் மலக்குழி வடிந்த கிணற்று நீரோடு தெருவிலே கலக்கவிடுவதா? அடுத்த மாதக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் இவ்வுபவிதி இடம்பெறுமா என்பதை ஒவ்வொரு வட்டாரத்து வாக்காளரும் தம் உறுப்பினரிடம் நேரிலே கேட்கட்டும். அவர் தரும் விடை யாதாயினும் நமக்கு எழுதியனுப்பினால், மன்றத்தின் பெயரோடு இப்பத்தியில் வெளியிடுவோம்.